தலையணைக் கணக்கு

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"நாலு பேர்," என்றாள் தையல்காரம்மா, மிஷினை நிறுத்தாமலே.

மக்கள்தொகை ஆய்வுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு ஆபீசில் 'ரப்பர் மேடம்' என்று பேர். வீட்டில் இல்லாத ஆளைக் கண்டுபிடித்துப் படிவத்திலிருந்து அழிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செருப்புகளை எண்ணினாள். மூன்று ஜோடிதான் தேறியது.

"நாலாவது ஆளு எங்க?"

"பெரியவன். கப்பல் பட்டறையில வெல்டர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவான்."

"வருஷத்துல ஆறு மாசமாவது ராத்தங்கினாத்தான் இந்த வீட்டு ஆளு. அவனை அங்க எண்ணிக்குவாங்க."

"அங்க ஒரு ரூமுல எட்டு பேரும்மா. ஷிஃப்டு மாறினா படுக்கையும் மாறும். அவனுக்குன்னு ஒரு தலையணை இருக்குன்னா இங்கதான் இருக்கு. வாரா வாரம் வெயில்ல போட்டு எடுத்து வைக்கிறேன்."

"தலையணைக்கு இதுல கட்டம் இல்லம்மா."

ரப்பர் தேய்ந்தது. நாலு மூன்றானது. மிஷின் அப்போதுதான் நின்றது.

"பேரை அழிச்சிட்டா எம்புள்ளை எந்த வீட்டுப் புள்ளை?"

அதற்கும் கட்டம் இல்லை. மேடம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பினாள். சாப்பிடும்போது தலையணைக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தாங்களா?" என்று மகளைக் கேட்டாள் மேடம்.

"வந்தாங்க. நான்தான் பதில் சொன்னேன். நகல் அலமாரி மேல இருக்கு."

தொழில் புத்தி சும்மா இருக்குமா? கை கழுவியதும் எடுத்துப் பார்த்தாள். மொத்தம்: இரண்டு.

"என்னடி, ஒரு ஆளு குறையுது?"

மகள் போன வருஷக் காலண்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா வீட்டில் தூங்கிய ராத்திரிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். மேடம் விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எழுபத்தொன்று.

"ஊர் ஊரா வேலைக்குத்தானேடி போறேன்? என் துணிமணி இங்க இருக்கு. என் தலையணை இங்கதானே இருக்கு?"

மகள் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"தலையணைக்கு அதுல கட்டம் இல்லம்மா."