ஐஸ் தண்ணீரில் கை

வலியை அளக்க இவாஞ்சலினிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் அது நிறைய ஐஸ் தண்ணீரும்தான். மணிக்கட்டுவரை கையை முக்க வேண்டும். பொறுக்க முடியாதபோது எடுத்துவிடலாம். தினமும் நடப்பவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடும் என்று நிரூபிப்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு வந்த பெண்களில் ஒருத்தியான பூங்காவனம் முதல் நாள் கையை எடுக்கவே இல்லை. விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்தபோது இவாஞ்சலின்தான் பதறிப்போய் வெளியே இழுத்தாள். "வலிக்கலையாம்மா?" "வலிச்சுது. நீங்க எடுக்கச் சொல்லலியே மேடம்." பூங்காவனத்தின் மேல்கையில் யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் கன்றிப்போன தடம் ஒன்று தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்பது ஆராய்ச்சியில் சேராது என்று இவாஞ்சலின் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் மூன்று மாதம் பூங்காவனம் மற்ற பெண்களோடு ஏரிக்கரையில் நடந்தாள். முதலில் எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, போகப்போக கையை வீசிக்கொண்டு முன்னால். இன்று கடைசிச் சோதனை. தண்ணீரில் கை பட்டதுதான் தாமதம், வெடுக்கென்று உருவிக்கொண்டாள். இவாஞ்சலினின் முகம் வாடிவிட்டது. "இன்னொரு தடவை பார்க்கலாமா? கொஞ்சம் பொறுத்துக்கோங்களேன்." "வேணாம் மேடம், வலிக்குது. முடியலன்னா எடுத்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" பூங்காவனம் புடவைத் தலைப்பில் ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். கதவோரம் வைத்திருந்த பெரிய துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். வந்தபோது இவாஞ்சலின் அதைக் கவனித்திருக்கவில்லை. "வெளியூர் பஸ் நிக்கிற இடத்துக்கு இங்கேருந்து நடந்தே போயிடலாம்தானே மேடம்?"