சாப்பாட்டு மேசைப் பேரம்

"நம்ம ஊர் பேஸ்பால் டீம்ல மூணாவது பேஸ்ல நிக்கிறானே, அவனை வித்துத் தொலைக்கணும் நோரீன். வளைஞ்சு வர்ற பந்தைக் கண்டாலே தடவுறான்," என்றார் டேல்.

"சின்னப் பையன்தானே, போகப் போகத் தேறுவான்."

"புது டீம் கட்டுறோம்னு அஞ்சு வருஷமா தோத்தது போதாதா? நல்லா பந்து வீசுற பிட்சர் ஒருத்தனைக் கேட்டு, இவனைக் கொசுறாத் தள்ளிவிடணும்."

"கொசுறாக்கூட எவனும் வாங்க மாட்டான்!"

இருவரும் சிரித்தார்கள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ராமிரோவும் சிரித்தான். டொமினிக்கன் நாட்டிலிருந்து ஆட வந்த பையன், டீம் அவனை இவர்கள் வீட்டில்தான் தங்க வைத்திருந்தது. அவனுக்கு ஆங்கிலம் புரியாது, பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்பது இவர்கள் நினைப்பு. தங்களை அம்மா, அப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் இவர்கள்தான்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவன், தெளிவான ஆங்கிலத்தில் சொன்னான்:

"என்னை வாங்கிட்டாங்கம்மா, இன்னிக்குக் காலையில. கொசுறாத்தான். போற ஊர்லயும் உங்களை மாதிரியே ஒரு அம்மா அப்பா இருக்காங்களாம்."