அஞ்சைத் தாண்டாத கார்

“பீச் ரோட்ல ரேஸ் வுட்டியா? எஞ்சின் சூடேறி கேஸ்கட் போச்சு, ஹெட்டும் வளைஞ்சிருக்கும். ஆறு மாசம் நான் மாரடிச்சுக் கட்டுன எஞ்சின்டா!” மந்தைவெளி ஷெட்டில் மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் கொதித்தார்.

“சத்தியமா அஞ்சு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலை அண்ணா,” என்றான் ஸ்ரீவத்சன்.

“ஸ்போர்ட்ஸ் காரை அஞ்சுல ஓட்டுனியா? யார் காதுல பூ சுத்துறே? பொய் சொல்றவன் வண்டிய நான் தொடமாட்டேன்.”

சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் முன்னால் கையை விட்டார். வதங்கிய மல்லிகைச் சரம் முழம் முழமாக வந்தது.

“அக்கா கல்யாணம். மாப்பிள்ளையை இதுலதான் ஊர்வலமா அழைச்சுண்டு வந்தோம். நாலு மாட வீதியிலயும் நாயனக்காரர் நின்னு நின்னு வாசிச்சார். எஞ்சினை அணைக்காம பின்னாடியே வந்தேன்.”

ஸ்தனிஸ்லாஸ் தலையிலடித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தார்.

“அடப்பாவி! ரேஸ் வுட்டிருந்தாக்கூட காத்து பட்டுப் பொழைச்சிருக்குமேடா!”