மூன்றாம் மாடி ஜன்னல்

"அந்தப் பாட்டு என்னை நினைச்சு எழுதினதுதான்" என்றார் மிஸ் யூலா, மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

சபையில் சலசலப்பு. சவப்பெட்டியில் கிடந்த ஓஸெல் டார்ப்லி மட்டும் அமைதியாக இருந்தார்.

நினைவுரைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அச்சடித்துத்தான் கொடுத்திருந்தோம். மெம்பிஸ் நகரத்தில், எங்கள் தேவாலய சபையில், இரண்டு நிமிடம் என்பது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நேரம் பார்க்கும் வேலை என்னுடையது. முப்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து மிஸ் அர்னெட்டா; வயதான அம்மாள் எவரும் எங்கள் ஊரில் 'மிஸ்'தான். சக்கர நாற்காலி, ஊதா நிறத் தொப்பி.

"யூலா, நீ உட்காரு. 'மூன்றாம் மாடி ஜன்னல்' என் பாட்டு. அவரே என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்."

"சொல்லும்மா, சொல்லு!" என்றது பின்வரிசை.

"உன் கையையா? நீ கீழே போட்ட ஸ்பூனை எடுத்துக் குடுத்திருப்பார்!" என்றார் யூலா.

மூன்றாவதாக மிஸ் கோராலியும் அதையே சொன்னார். நான்காவது அம்மாள் மைக்குக்குக் காத்திருக்கவில்லை; இருந்த இடத்திலிருந்தே உரிமை கோரினார். நால்வரும் ஓஸெல் கடைசியாக இருந்த முதியோர் இல்லத்திலிருந்து வேனில் வந்தவர்கள். அந்த இல்லத்துக்கு மாடியே கிடையாது. நான் அதைச் சொல்லியிருக்கலாம். நேரம் பார்ப்பவனுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஆடாத கல்யாணம் இந்த ஊரில் இல்லை. பாடியவர் பெயரைக் குழந்தையும் சொல்லும். எழுதிய ஓஸெலின் பெயர் இசைத்தட்டில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டால் தெரியும்.

முதல் வரிசையில் அவருடைய ஒரே மகள் வெர்னிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிகாகோவிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து, சபையின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கோழி வறுவலைத் தொடாமல் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"பிரதர் கிலியம், கல்லு செதுக்குறவர் நம்பர் வேணும்."

"எதுக்கும்மா?"

"அம்மா கல்லறைல அந்தப் பாட்டோட முதல் வரியைப் போடச் சொல்லியிருந்தேன். சாகிற வரைக்கும் அது தன் பாட்டுன்னு நம்பினாங்க. இப்போ வரியும் வேண்டாம், பக்கத்துல இவர் பேரும் வேண்டாம். எண்பத்தோரு வயசுல நாலு பேர்! வெட்கமா இல்ல?"

"இனிமே அவருக்கு அதெல்லாம் இருக்காதும்மா."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கும் வேலையும் என்னுடையதல்ல.

தேநீர்க் கோப்பையோடு வந்த டெல்ஃபின் இதைக் கேட்டுவிட்டார். அந்த இல்லத்தின் நர்ஸ் அவர்.

"பாட்டு உங்கம்மாவுக்குத்தான், கண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி லொரீன் மூணாவது மாடில குடியிருந்தாங்களாமே. உங்கப்பாவே என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கார்."

"அப்போ இவங்ககிட்ட சொன்னது?"

"பொய். ஞாயித்துக்கிழமைல மட்டும் சொல்ற பொய்."

"அது என்ன கணக்கு?"

"அன்னிக்குத்தான் சொந்தக்காரங்க பார்க்க வருவாங்க. வாசல்ல ஒரு நோட்டு இருக்கும், வர்றவங்க கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு ஓஸெல் போய் அதைப் புரட்டுவார். யாரைப் பார்க்க யாருமே வரலையோ, அவங்க ரூம் கதவைத் தட்டுவார். அந்தப் பாட்டைப் பாடி, 'இது உன்னை நினைச்சு எழுதினது'ன்னு சொல்லிட்டு வருவார்."

வெர்னிஸ் தட்டைக் கீழே வைத்தாள். முகம் இளகிவிட்டது. அடுத்த மேஜையில் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நால்வரையும் திரும்பிப் பார்த்தாள்.

"பாவம். இவங்களுக்கெல்லாம் பிள்ளைங்களே இல்லையா?"

"இருக்காங்க. வெளியூர்ல."

"வெளியூர்னா? ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எட்டிப் பார்க்க முடியாதா? என்ன ஜென்மங்களோ!"

டெல்ஃபின் தேநீரைக் கலக்கினார். நன்றாகக் கலந்த பிறகும் கலக்கினார்.

"இவங்களுக்கெல்லாம் பாடி முடிச்சுட்டு, கடைசியா ஒன்பதாம் ரூமுக்குப் போவார்."

"அங்கே யார் இருக்காங்க?"

"அது அவரோட ரூம்தான். கதவைச் சாத்திக்கிட்டு அதே பாட்டைத் தனக்கே ஒரு தடவை பாடிப்பார். மூணு வருஷத்துல ஒரு ஞாயிறுகூடத் தவறல, கண்ணு."