யன்னல் இடுக்கு

“இஞ்சாருங்கோ, காத்தடிக்கேக்க பிள்ளை தன்ரை அறையிலயிருந்து ‘அம்மா’ எண்டு கூப்பிடுறான்,” என்றாள் தவமலர்.

“செத்தவன் கூப்பிடுவானே? யன்னல் இடுக்கால வாற காத்துச் சத்தமது. அதாலதான் வீட்டுச் சூடெல்லாம் வெளியில போய் ஹீற்றர் காசும் ஏறுது,” என்று எரிந்து விழுந்தார் இராசலிங்கம்.

மறுநாளே ஜேர்மனியின் ஹனோவர் நகரக் கடையொன்றில் ரப்பர் பட்டி வாங்கிவந்து இடுக்கை அடைத்தார். வீடு கதகதப்பானது. கட்டணமும் குறைந்தது. அந்தச் சத்தம் அடியோடு நின்றது. தவமலர் அழுது, பிறகு மெல்லத் தேறினாள்.

அடுத்த குளிர்காலம். வெளியே காற்று பலமாக வீசிய ஒரு பின்னேரம், இராசலிங்கம் மகனின் அறையில் கத்தியால் ரப்பரைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறியள்? வீடெல்லாம் குளிரப்போகுது!”

அவர் திரும்பவில்லை.

“எனக்கு அவன் ‘அப்பா’ எண்டெல்லே கூப்பிடுறவன்.”