இரண்டு கோடு

“ரெண்டு கோடு! கண்ணாடியைப் போட்டிட்டு வடிவாப் பாரும் நிலாம், ரெண்டு கோடு!”

நவரத்தினம் மாஸ்டர் அந்தச் சின்னப் பட்டியை நிலாமின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

நிலாமுக்கு எரிச்சல் தலைக்கேறியது. காலி வீதியில் குழாய் வெடித்ததிலிருந்து வெள்ளவத்தையின் அந்தக் குறுகிய ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் அவருடைய பூக்கன்றுக் கடைக் கிணறுதான் தண்ணீர் கொடுத்தது. குடித்த சனமே இப்போது வாளிகளோடு நின்று முறைத்தது.

“எங்கட வாப்பா காலத்திலேந்து குடிக்கிற தண்ணி மாஸ்டர். நேத்து வரைக்கும் நீங்களும் குடிச்சீங்கதானே?”

“அதுதான் வயித்தைப் பிரட்டினது! உம்மட கன்றுகளுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எங்க போறது? கிணத்துக்குத்தானே? இது மகன் தான் வேலை செய்யிற லெப்பில இருந்து கொண்டுவந்த பட்டி. பிறபொருளெதிரி, அதான் அன்டிபொடி, பூசினது. தண்ணியில மருந்து இருந்தா உடனே காட்டிக் குடுத்திடும்.”

“அப்ப மகனையே வந்து பாக்கச் சொல்லுங்களே!”

“அவன் பின்னேரம்தான் வருவான். அதுவரைக்கும் சனம் நஞ்சைக் குடிக்கிறதோ? கொரோனா நேரம் உமக்கு ரெண்டு கோடு வந்து, எங்க கொண்டுபோய்ப் போட்டவங்கள்?”

அன்று ஆமிக்காரர் நிலாமைத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றியதை ஒழுங்கையே வேடிக்கை பார்த்தது.

“நீங்க குளிக்க மட்டும் எடுக்கிற உங்கட கிணத்தப் பாத்தீங்களா?” என்றார் நிலாம்.

“பார்க்காமல் விடுவனே? ஒரே ஒரு கோடு! என்ர வளவில ஒரு கறையான்கூட இல்லை, ஓய். போன மாசம்தான் ஆக்களைப் பிடிச்சு நிலம் முழுக்க மருந்து ஊத்தி ஒழிச்சனான்.”

மாஸ்டர் பலகை போட்டு நிலாமின் கிணற்றை மூடினார். தன் வீட்டு கேற்றை அகலத் திறந்துவிட்டார்.

“வாப்பா, தொண்ட வரளுது,” என்றாள் நிலாமின் மகள் நஸ்லா. ஏழு மாதக் கர்ப்பிணி. நிலாம் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டு வரிசையில் போய் நின்றார்.

“குடியும் பிள்ளை, பயமில்லை.” மாஸ்டர் தன் கையாலேயே ஒரு செம்பு நிறைய வார்த்துக் கொடுத்தார். தானும் குடித்தார்.

பின்னேரம் மகன் கார்த்திகன் வந்து இறங்கினான். மதிலில் வைத்திருந்த இரண்டு பட்டிகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“இது கொரோனா டெஸ்ட் இல்லையப்பா. நல்ல தண்ணிக்குத்தான் ரெண்டு கோடும் விழும். மருந்து இருந்தா ஒண்டு மறைஞ்சு போயிடும்,” என்றவன், வரிசையையும் வாளிகளையும் அப்போதுதான் பார்த்தான். “எந்தக் கிணத்தையப்பா மூடினீங்கள்?”