நெஞ்சுக்கு எது நல்லது

'டங்'கென்று இரும்பு விழுந்த சத்தம் குசினி வரை கேட்டது. பின்னாலேயே அன்ஸாரின் கத்தல்.

கமலாதேவி தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். பாலையூற்றில், வீட்டுக்குப் பின்கொட்டிலில் அவள் புருசன் தம்பிராசா நடத்தும் ஜிம் அது.

நெஞ்சுக்கென்று வாங்கின புது மெசினில், எடைத் தட்டுகளைக் கொளுவும் இரும்பு ஊசியைக் காணவில்லை. ஊசி இல்லாவிட்டால் அது வெறும் கதிரை.

"குணரத்தினம்தான் எடுத்தவன். அவனுக்குத்தான் மெசினைக் கண்ணில காட்ட ஏலாது" என்றான் அன்ஸார்.

குணரத்தினமும் அங்கேதான் நின்றான்.

இருவருக்கும் ஊர் சீனன்குடா. ஒரே சைக்கிளில் வந்து போன கூட்டாளிகள். மெசின் வந்த அன்று பிடித்த சண்டை. நீட்டு இரும்புப் பாரைத் தூக்கினால்தான் தோளும் புயமும் சேர்ந்து இறுகும், மெசினில் வருவது பலூன் நெஞ்சு என்றான் குணரத்தினம். பார் தளம்பும், மெசினில்தான் பாரம் முழுக்க நெஞ்சில் இறங்கும், கெதியாகத் திரளும் என்றான் அன்ஸார். அதோடு இருவருக்கும் கதைபேச்சு நின்றது. தனித்தனியாகப் போனார்கள். போன கிழமை தனியே போன அன்ஸாரை, றோட்டில் ஆமி காவல் நிற்கும் சென்றியில் மறித்து, விடியத்தான் விட்டார்கள்.

"களவெடுக்க எனக்கென்ன விசரா? பாருக்குப் பயமெண்டால் சொல்லு" என்றான் குணரத்தினம்.

அன்ஸார் ரோசத்தோடு பாருக்குக் கீழே படுத்தான். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் தூக்கினான். பிறகு ஏலவில்லை. பார் நெஞ்சிலேயே இறங்கி நின்றுவிட்டது.

குணரத்தினம் பாய்ந்து வந்து தூக்கிவிட்டான்.

"பலூன் வெடிக்கப் பாத்தது."

படுத்தபடியே அன்ஸார் சிரித்துவிட்டான். பிறகு குணரத்தினம் படுக்க, இவன் தலைமாட்டில் நின்றான்.

இருட்டுவதற்கு முன் ஒரே சைக்கிளில் கிளம்பினார்கள். பாரா மெசினா என்ற வாதம் றோட்டு முடக்கு வரை கேட்டது.

தம்பிராசா குசினிக்கு வந்து குந்தினார். புது ஊசி கொழும்பிலிருந்து வரவேணும், ஆமி பூட்டின பாதை எப்போது திறக்குமோ, எடுத்தவன் மட்டும் கையில் ஆம்பிட்டால் என்று புறுபுறுத்தார்.

"நான்தான் எடுத்தனான்" என்றாள் கமலாதேவி.

அவர் வாயைப் பிளந்தார்.

"மெசினுக்கு ஒராளே காணும். பாருக்கு, பிடிக்க இன்னொராள் வேணும். சேர்ந்து தூக்கினால் சேர்ந்துதானே வீட்ட போவாங்கள்."

"அப்ப ஊசி?"

"சென்றியை எடுக்கிற அண்டைக்குத் தாறன்."

மற்றப் பாதித் தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினாள்.